ஒருமனதாக வந்த தீர்மானம்

பெண்கள் கூடிய சபை – பகுதி 9

சென்ற வாரம் 1926-இல் நிறுத்தியிருந்தோம். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னைக்கு வந்திருந்த பிரிட்டனின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னை மாகாணச் சட்டசபை, இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, அந்த உரிமையைத் தீர்மானம் போட்டுத் தந்தது. 1926-இல் தேர்தலில் நிற்கும் உரிமையும் வந்துசேர்ந்தது.

அந்தத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். தேர்தலில் நிற்காத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரசின் நியமனத்தால் சட்டசபைக்குள் போனார். போன வேகத்தில் உறுப்பினர்கள் அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். இந்த இரண்டு சம்பவங்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தே ஆண்டுகளில் பெண்கள் சங்கங்கள் எடுத்த மிகப் பெரிய கொள்கை முடிவு இந்த இரண்டின் பாடத்துக்கும் நேர் எதிர்த் திசையில் போனது.

நண்டலாற்றின் இரு கரைகள்

காரைக்கால் பகுதியின் வடக்கு எல்லையை ஒட்டி, கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கிறது வரிச்சிக்குடி. அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் நண்டலாறு. ஆற்றைத் தாண்டினால் பொறையாறு, தரங்கம்பாடி. 1931-இல் ஆற்றுக்குத் தெற்கே பிரெஞ்சு ஆட்சி; வடக்கே பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் ஜில்லா. இரண்டு கரையிலும் ஒரே காவிரித் தண்ணீர், ஒரே நெல், ஒரே உறவுமுறை. வாக்குரிமை மட்டும் இரண்டு விதம். பிரெஞ்சு இந்தியாவில் 1870-களிலிருந்தே ஆண்கள் வாக்களித்து வந்தார்கள்; பெண்களுக்கு அது கிடையாது. பிரான்ஸிலேயே பெண்களுக்கு வாக்குரிமை தரும் ஆணை 1944 ஏப்ரல் 21 அன்றுதான் பிறந்தது. வடகரையிலோ 1921-இலிருந்தே பெண்ணுக்கு வாக்கு உண்டு. ஆனால் அவள் பெயரில் சொத்து இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். ஆக, வரிச்சிக்குடி வயலில் நாற்று நட்டவளுக்கும் வாக்கு இல்லை, பொறையாற்று வயலில் நாற்று நட்டவளுக்கும் வாக்கு இல்லை. முதலாமவள் பெண் என்பதால். இரண்டாமவள் பெயரில் நிலம் இல்லை என்பதால்.

இந்த அத்தியாயத்தை இந்த ஆற்றங்கரையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பெண்கள் கூடிக் கொள்கை வகுக்கும்போது அந்தக் கொள்கை யாருக்காக, யார் உட்கார்ந்திருந்த அறையில் வகுக்கப்பட்டது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஒரு கட்சியோ சங்கமோ எந்த முடிவை எடுத்தது என்பதை மட்டும் வரலாற்றுப் புத்தகங்கள் எழுதிவைக்கின்றன. எப்படி எடுத்தது, மாற்றுக் கருத்தை என்ன செய்தது என்பதில்தான் அந்த முடிவின் ஆயுள் இருக்கிறது என்பது என் வாதம். 1931-ஆம் ஆண்டை விட்டால் இந்த வாதத்துக்கு வேறு நல்ல சாட்சி கிடைக்காது.

லண்டனில் இரண்டு பெண்கள்

1930 நவம்பரில், இந்தியாவின் அரசியலமைப்பு பற்றிப் பேச, லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு கூடியது. காங்கிரஸ் புறக்கணித்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் நாடே சிறைக்குள் இருந்த நேரம் அது. வரிச்சிக்குடிக்குத் தெற்கே, இதே கடற்கரையில் இருக்கும் வேதாரண்யத்தில் உப்பெடுத்த போராட்டத்தில் ருக்மணி லட்சுமிபதி கைதாகிச் சிறை சென்றிருந்தார். காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி தன் சட்டசபைப் பதவியையே தூக்கியெறிந்திருந்தார். அந்தச் சூழலில் பிரிட்டிஷ் அரசு தானே தேர்ந்தெடுத்து இரண்டு இந்தியப் பெண்களை மாநாட்டுக்கு அழைத்தது. ஒருவர் லாகூரின் பேகம் ஜஹனாரா ஷா நவாஸ். மற்றவர் நம் பக்கத்துக்காரர்: ராதாபாய் சுப்பராயன். மங்களூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர்; குமாரமங்கலம் ஜமீன்தாரும் சென்னை மாகாணத்தின் முதல்மந்திரியாக இருந்தவருமான பி. சுப்பராயனின் மனைவி.

இருவரும் மாநாட்டில் ஒரே கோரிக்கையை வைத்தார்கள். பெண்களுக்குச் சட்டசபைகளில் சில இடங்களைத் தற்காலிகமாக ஒதுக்குங்கள். ஆண்களே நிரம்பிய அரசியலில் பெண் காலூன்றும் வரையாவது ஒதுக்குங்கள் என்றார்கள். இது ஆகாயத்திலிருந்து வந்த யோசனை இல்லை. 1926-இன் அனுபவம் அதைத்தான் சொன்னது. கமலாதேவியைப் போன்ற ஆற்றல்மிக்க பெண்ணே திறந்த போட்டியில் தோற்றார். நியமனத்தால் உள்ளே போன முத்துலட்சுமியோ 1929-இல் கோயில் மானிய நிலங்களைத் தேவதாசிக் கடமையிலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தத்தையே நிறைவேற்றிக் காட்டினார். உள்ளே ஒரு நாற்காலி இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் லண்டனில் பேசிய இருவரையும் எந்தப் பெண்கள் சங்கமும் அனுப்பவில்லை. அரசு அழைத்தது, அவர்கள் போனார்கள். அவர்கள் சொன்னது சரியா என்று ஆராய்வதற்கு முன்பே, அவர்கள் யாருடைய ஆட்கள் என்ற சந்தேகம் ஊரெங்கும் எழுந்துவிட்டது.

பம்பாய், ஏப்ரல் 1931

அன்றைக்குப் பெண்களுக்கென அகில இந்திய அளவில் மூன்று அமைப்புகள் இருந்தன: இந்திய மாதர் சங்கம், 1925-இல் தொடங்கிய இந்தியப் பெண்களின் தேசியக் கவுன்சில், 1927-இல் புனாவில் முதன்முறையாகக் கூடிய அகில இந்திய மாதர் மாநாடு. அவற்றில் எதுவும் தன்னைக் கட்சி என்று அழைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு கட்சி செய்கிற வேலையை அவை செய்தன. பொது நோக்கத்தை வகுத்தன, கிளைகளில் விவாதித்தன, தீர்மானம் போட்டன, அரசிடம் மகஜர் கொடுத்தன, சட்டசபையில் குரல் கொடுக்க ஆள் தேடின.

மாதர் மாநாட்டின் நடைமுறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஊர்ப் பகுதிகளில் கிளை மாநாடுகள் கூடும். அங்கே எழுந்த கோரிக்கைகள் தீர்மானங்களாக எழுதப்பட்டு மேலே போகும். நிலைக்குழு அவற்றைத் தொகுக்கும். ஆண்டு மாநாட்டில் பிரதிநிதிகள் விவாதித்து வாக்களிப்பார்கள். காகிதத்தில் பார்த்தால் அடியிலிருந்து முடிவரைக்கும் ஜனநாயகம். ஆனால் பிரதிநிதியாகப் போகச் சந்தா கட்ட வேண்டும், ரயில் ஏற வேண்டும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும் விவாதத்தைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். இந்திய மாதர் சங்கம் தன் 'ஸ்த்ரீ தர்மா' இதழில் தமிழுக்கும் தெலுங்குக்கும் பக்கம் ஒதுக்கியிருந்தது என்பது உண்மை. அந்த அக்கறை பாராட்டுக்குரியது. இருந்தாலும் தாளடி நடவுக்கும் களையெடுப்புக்கும் நடுவே கூலியை விட்டுவிட்டு மாநாட்டுக்குப் போகக்கூடியவர் யார்? பிரதிநிதிகளின் பட்டியலில் டாக்டர்கள், ஆசிரியைகள், வக்கீல் வீட்டுப் பெண்கள், திவான் வீட்டுப் பெண்கள் நிறைந்திருந்ததற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. அந்த வாசலின் அகலம் அவ்வளவுதான்.

1931 மார்ச்சில் கராச்சி காங்கிரஸ் கூடியது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை, ஆண் பெண் பேதமற்ற சமவுரிமை என்று அடிப்படை உரிமைத் தீர்மானம் போட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள், ஏப்ரலில் சரோஜினி நாயுடுவின் முன்முயற்சியில் பெண்கள் அமைப்புகளின் பிரதிநிதிகள் பம்பாயில் கூடினார்கள். கூடிக் கலைந்தபோது மூன்று சங்கங்களின் பெயரிலும் ஒரே மகஜர் தயாராகியிருந்தது. அதன் சாரம் இது: வயது வந்த அனைவருக்கும் வாக்கு வேண்டும், பொதுத் தொகுதிகளே வேண்டும், பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம், நியமனம் வேண்டாம், வேறெந்தத் தனிச் சலுகையும் வேண்டாம்.

நியமனத்தால் சட்டசபைக்குப் போன முத்துலட்சுமி ரெட்டியின் சங்கமும் அதில் கையெழுத்திட்டது. 1933-இல் அவரே ராஜகுமாரி அம்ரித் கௌர், ஷரீஃபா ஹமீத் அலி ஆகியோருடன் லண்டனுக்குப் போய்ப் பாராளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் இந்த நிலைப்பாட்டுக்காக வாதாடினார்.

இதற்கிடையே, 1931-இன் இரண்டாம் வட்டமேஜை மாநாட்டில் பேகம் ஷா நவாஸும் தன் பழைய கோரிக்கையை விட்டுவிட்டுச் சரோஜினி நாயுடுவோடு சேர்ந்துகொண்டார்.

ராதாபாய் சுப்பராயன் மட்டும் மாறவில்லை.

ஏன் ஒரே குரல்?

இந்த முடிவை இன்று படிக்கும்போது, அனுபவமே தலைகீழாகச் சொன்னதை அவ்வளவு அறிவாளிப் பெண்கள் எப்படிப் புறக்கணித்தார்கள் என்று ஆச்சரியம் வரும். ஆச்சரியப்படத் தேவையில்லை, அவர்களுக்கு மூன்று வலுவான காரணங்கள் இருந்தன. முதலாவது, தேசிய இயக்கம். சமவுரிமைக்காகத் தோளோடு தோள் நின்று சிறைக்குப் போனவர்கள், தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்பது அந்தச் சமத்துவத்தையே விட்டுக்கொடுப்பதாகும் என்று உளமாரக் கருதினார்கள். இரண்டாவது, பிரித்தாளும் சூழ்ச்சி பற்றிய அச்சம். மூன்றாவது, பிரிட்டிஷ் பெண்ணியவாதிகள் மீதிருந்த அவநம்பிக்கை. 1927-இல் அமெரிக்க எழுத்தாளர் காதரீன் மேயோ இந்தியப் பெண்களை இழிவாகச் சித்திரித்து எழுதிய புத்தகத்தின் காயம் ஆறவில்லை. 1929-இல் எலனர் ராத்போன் லண்டனில் இந்தியப் பெண்கள் நிலை பற்றி மாநாடு கூட்டியபோது, எங்களைப் பற்றி நாங்களே பேசுவோம் என்று தன்வந்தி ராமராவ் அரங்கிலேயே எழுந்து மறுத்துப் பேச வேண்டியிருந்தது. அதே ராத்போன் 1932-இல் இந்தியாவுக்கு வந்து ஒதுக்கீட்டை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனையாகவே இருந்தாலும், அது வந்த வாயைப் பார்த்துப் பலர் தள்ளிவிட்டார்கள்.

இந்தக் காரணங்களை வைத்துச் சிலர் வாதிடுவார்கள்: அடிமை நாட்டில் போராடும் அமைப்புக்கு ஒற்றுமைதான் ஆயுதம், எதிரியின் முன் இரண்டு குரலில் பேசினால் இரண்டும் தோற்கும், ஆகவே மாற்றுக் கருத்தை அடக்கிவைத்தது சரியே. இந்த வாதத்தில் பாதி உண்மை என்பதை வரலாறே நிரூபித்தது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, பெண்களுக்கான இடங்களையும் மதவாரியாகக் கூறுபோட்டது. சென்னை மாகாணத்துக்குக் கிடைத்த 8 பெண் இடங்களில் 6 பொது, 1 முஸ்லிம், 1 இந்தியக் கிறிஸ்தவர் என்று பங்கு வைத்தார்கள். பெண்கள் என்ற ஒரே அணியாக நிற்க விரும்பியவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்களோ அதுவே நடந்தது. அந்த அச்சத்தில் அவர்கள் தீர்க்கதரிசிகள்.

மீதிப் பாதியில்தான் தவறு இருக்கிறது. எதிரியிடம் ஒரே குரலில் பேசுவது ஒரு உத்தி. தங்களுக்குள்ளேயே ஒரே குரல்தான் உண்டு என்று நினைத்துக்கொள்வது வேறு விஷயம். மகஜரில் ராதாபாயின் கருத்துக்கு ஒரு வரி இடம் இல்லை. இது தற்காலிக நிலைப்பாடு, முதல் இரண்டு தேர்தல்களுக்குப் பிறகு மறுபடி ஆராய்வோம் என்ற ஷரத்தும் இல்லை. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தால் ஒதுக்கீடு வேண்டாம் என்பது ஒரு நியாயமான நிபந்தனை. அனைவருக்கும் வாக்குரிமை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு மகஜரில் பதில் எழுதப்படவில்லை. கிடைக்கவில்லை என்பதுதான் பிறகு நடந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி ஆண்கள் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் பேர் வாக்காளர்களானபோது பெண்கள் சுமார் 60 லட்சம் பேர்தான்.

அந்தச் சட்டம் பெண்கள் வேண்டாமென்று சொன்ன ஒதுக்கீட்டையும் கொடுத்தது: மாகாணச் சட்டசபைகளில் 41 இடங்கள். 1937 தேர்தலுக்குப் பின் நாடு முழுவதும் 56 பெண்கள் சட்டமன்றங்களுக்குள் போனார்கள். அவர்களில் 41 பேர் ஒதுக்கீட்டு இடங்களில் வந்தவர்கள். பொது இடங்களில் வென்றவர்கள் 10 பேர். மற்ற 5 பேர் நியமனம். எந்தச் சலுகையும் வேண்டாம் என்று சொன்ன அமைப்புகளின் தலைவிகள் பலரும் அந்த இடங்களில் நின்றார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கில் மூன்று பங்கு பெண்கள் ஒதுக்கீட்டின் வழியாக வந்திருக்கும்போது, கொள்கையைத் திரும்ப எடுத்துப் படித்திருக்க வேண்டாமா? எந்தச் சங்கத்தின் விதியும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. 1947 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையில் மாதர் மாநாட்டைச் சேர்ந்த ரேணுகா ராய் எழுந்து, பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டாம் என்று மீண்டும் சொன்னார். 1931-இன் வாசகம் 16 ஆண்டுகள் கழித்தும் ஒரு திருத்தமும் இல்லாமல் ஒலித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையில் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2024 தேர்தலில் 543 பேரில் 74 பேர்.

நாக்பூர், ஜூலை 1942

கொள்கையின் உள்ளடக்கத்தை அறையின் வாசல்தான் தீர்மானிக்கிறது என்றால், வேறொரு வாசல் வேறொரு முடிவைத் தந்திருக்க வேண்டும். தந்தது. 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு கூடியது. சுலோசனாபாய் டோங்ரே தலைமை தாங்கினார், அம்பேத்கர் உரையாற்றினார். ஆயிரக்கணக்கில் திரண்ட பெண்களில் பெரும்பாலோர் உழைக்கும் குடும்பத்தவர். அவர்கள் போட்ட தீர்மானங்களில் விவாகரத்து உரிமை இருந்தது, பலதார மணத்துக்கு எதிர்ப்பு இருந்தது, ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு விடுப்பும் இழப்பீடும் வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. சட்டமன்றங்களிலும் உள்ளாட்சிகளிலும் தங்கள் பெண்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. பம்பாயில் கௌரவக் குறைவாகத் தோன்றிய ஒன்று நாக்பூரில் உரிமையாகத் தோன்றியது. திறந்த போட்டியில் தாங்கள் எங்கே நிறுத்தப்படுவோம் என்பதை அந்தப் பெண்கள் தங்கள் தெருவிலேயே கண்டவர்கள்.

தமிழ்நாட்டிலும் இப்படி இரண்டாவது வாசல் ஒன்று திறந்திருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றைத் தீர்மானமாகப் போட்டது. தொடர்ந்து வந்த சுயமரியாதை மாநாடுகளில் தேவதாசி மரபிலிருந்து வெளியேறிய மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மேடையேறித் தமிழில் பேசினார்கள். பம்பாய் மகஜரில் கையெழுத்திட்ட இந்திய மாதர் சங்கத்தினரும் இவர்களும் ஒரே காலத்தில் ஒரே மாகாணத்தில் வேலை செய்தார்கள். தேவதாசி ஒழிப்பில் ஒரே திசையில் நடந்தார்கள். அரசியல் பிரதிநிதித்துவம் பற்றி மட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விவாதிக்கவில்லை. அந்த விவாதம் நடந்திருந்தால் 1931-இன் வாசகம் மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ராதாபாய் ஒற்றை ஆளாக, அரசாங்கத்தின் ஆளாக ஒதுக்கப்பட்டிருக்க மாட்டார் என்று நம்பக் காரணம் உண்டு.

இங்கே இன்னொரு ஆட்சேபம் வரும். ராதாபாயே ஜமீன் வீட்டுப் பெண்தானே? ஒதுக்கீடு வந்தால் அது போன்ற குடும்பங்களின் மனைவிகளும் மகள்களும்தானே இடத்தைப் பிடிப்பார்கள்? இந்த ஆட்சேபத்தை இன்றும் ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் ஒதுக்கீடு இல்லாதபோது யார் போனார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். திறந்த போட்டியில் பணமும் குலமும் பெயரும் குறைவாக வேலை செய்ததில்லை. உள் ஒதுக்கீடு, சுழற்சி முறை, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்வு செய்யும் முறை ஆகியவற்றை விவாதித்துத் தீர்க்க வேண்டிய குறை அது. ஒரு கொள்கை குறைபாடுள்ளது என்பதற்காக அதை விவாதத்திலிருந்தே தள்ளிவைத்தால், குறையைத் திருத்தும் வாய்ப்பும் சேர்ந்து போய்விடும். நாக்பூர்ப் பெண்கள் அந்த வேலையைத்தான் தொடங்கிவைத்தார்கள்: பெண்களுக்கு இடம் என்று நிறுத்தாமல், எந்தப் பெண்களுக்கு என்றும் கேட்டார்கள்.

பெல்ஃபாஸ்ட், 1996

உள்ளே இரண்டு குரல், வெளியே ஒரு முடிவு என்பது நடைமுறையில் சாத்தியமா? சாத்தியம் என்பதற்குக் கடல் கடந்து ஒரு சாட்சி இருக்கிறது. 1996-இல் வட அயர்லாந்தில் சமாதானப் பேச்சுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வந்தது. இருக்கிற கட்சிகள் பெண்களைப் பொருட்படுத்தவில்லை என்று கண்ட சிலர், சில வார அவகாசத்தில் பெண்கள் கூட்டணி என்ற கட்சியையே தொடங்கினார்கள். சுமார் 1 விழுக்காடு வாக்கு வாங்கி, மோனிகா மக்வில்லியம்ஸ், பேர்ல் சேகர் என்ற இருவரைப் பேச்சுவார்த்தை மேசைக்கு அனுப்பினார்கள். ஒருவர் கத்தோலிக்கப் பின்னணி, மற்றவர் புராட்டஸ்டன்ட். பல பத்தாண்டுகளாக ரத்தம் சிந்திய இரண்டு சமூகங்களின் பெண்களும் ஒரே கட்சியில் இருந்தார்கள். நாடு அயர்லாந்தோடு சேர வேண்டுமா, பிரிட்டனோடு நீடிக்க வேண்டுமா என்ற தலையாய கேள்வியில் அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. அந்த வேறுபாட்டை மறைக்காமல், அனைவரையும் உள்ளடக்கல், சமத்துவம், மனித உரிமை என்ற மூன்று அளவுகோல்களை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவையும் அவற்றில் உரசிப் பார்த்தார்கள். 1998-இன் பெருவெள்ளி உடன்படிக்கையில் அவர்களின் முத்திரை இருக்கிறது.

அந்தக் கட்சி நீண்ட காலம் நிலைக்கவில்லை, 2006-இல் கலைந்தது. அதைக் காட்டி, விவாதம் செய்துகொண்டே இருக்கும் கட்சி வளராது என்று வாதிடலாம். பத்தாண்டில் ஒரு சமாதான உடன்படிக்கைக்குத் தோள் கொடுத்த கட்சியின் பயனை அதன் ஆயுளை வைத்து அளக்கக் கூடாது. கருத்து வேறுபாட்டை மூடிவைக்காமலே வேகமாக முடிவெடுக்க முடியும் என்று அது காட்டியது. 1931-இல் நம் மகஜரை எழுதியவர்களுக்கு முடியாததாகத் தோன்றியது அதுதான்.

மீண்டும் நண்டலாறு

காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. இன்று வரிச்சிக்குடியில் வயது வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் வாக்கு உண்டு. 1931-இன் மகஜர் கேட்ட முதல் கோரிக்கை முழுமையாக நிறைவேறிவிட்டது. அதற்கு நாம் அந்தப் பெண்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மகஜர் எதிர்பார்த்த அடுத்த படி, அதாவது பெண்கள் பொதுப் போட்டியிலேயே வென்று சபைக்குள் வருவது, நிகழவில்லை. புதுச்சேரிச் சட்டப்பேரவைக்குத் தேர்தலில் வரும் உறுப்பினர்கள் 30 பேர். 2021 தேர்தலில் வென்ற ஒரே பெண், இந்தப் பகுதியை உள்ளடக்கிய நெடுங்காடு தனித் தொகுதியிலிருந்து வந்த சந்திர பிரியங்கா. 40 ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரியில் அமைச்சரான பெண் அவர். 2023 அக்டோபரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தபோது, சாதி, பாலினப் பாகுபாட்டுக்குத் தான் ஆளானதாக அதில் எழுதினார். அவர் முன்பே நீக்கப்பட்டுவிட்டார் என்றது அரசுத் தரப்பு. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு: 30 பேரில் ஒருவராக இருக்கும் பெண்ணுக்குச் சபைக்குள் துணை இல்லை.

உள்ளாட்சியின் நிலை இதைவிட மோசம். 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வந்தார்கள். 2011-இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட அடுத்த தேர்தல் நடக்காமலே நின்றுபோனது. இந்தியாவின் மற்றப் பகுதிகளில் பஞ்சாயத்து நாற்காலியில் அமர்ந்து அரசியல் பழகிய பெண் தலைமுறை ஒன்று உருவான காலத்தில், கோட்டுச்சேரி கொம்யூனின் பெண்களுக்கு அந்தப் பயிற்சிக்கூடம் பூட்டியே கிடந்தது.

2023-இல் நாடாளுமன்றம் சட்டமன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் இன்னொரு சட்டத்தின் மூலம் அது புதுச்சேரிப் பேரவைக்கும் நீட்டிக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்பே நடைமுறைக்கு வரும் என்பது சட்டத்தின் நிபந்தனை. வரும்போது, 30-இல் 10 இடங்கள். எந்தப் பத்து, சுழற்சி எப்படி, எந்தப் பெண்கள் என்ற விவாதத்தைக் கட்சித் தலைமைகள் மட்டும் நடத்தினால், 1931-இன் பிழை இன்னொரு உருவில் திரும்ப வரும்.

நம் தொடரின் மையக் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. 1931-இன் ஒருமனதான தீர்மானம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. 1971-இல் மத்திய அரசு பெண்கள் நிலை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது; 1974-இல் அது 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையைத் தந்தது. சட்டமன்ற ஒதுக்கீடு வேண்டாம் என்று அந்தக் குழுவின் பெரும்பான்மையும் சொன்னது. ஆனால் இந்த முறை சிறுபான்மை மௌனமாகவில்லை. லோதிகா சர்க்காரும் வீணா மஜும்தாரும் தங்கள் மறுப்பை எழுத்தில் கொடுத்தார்கள். அது அறிக்கையிலேயே அச்சானது. பின்னாளில் ஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்கள் கையில் எடுத்தது பெரும்பான்மையின் முடிவை அல்ல, அந்த மறுப்புக் குறிப்பை. 1931-இன் இலட்சியத்தில் வளர்ந்த அந்த இருவரும் அதிலிருந்து விலகக் காரணமான தரவு எது? குழுவின் அறைக்குள் அந்த வாதம் எப்படி நடந்தது? அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.

அதுவரை வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளிர் குழுவிலோ சங்கத்திலோ கட்சிக் கிளையிலோ கடைசியாக 'ஒருமனதாக' என்று எழுதிய தீர்மானத்தை எடுத்துப் படியுங்கள். அன்று யாராவது வேண்டாம் என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால், அவர்கள் சொன்ன காரணத்தை அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.